பிரம்பனான் இராமாயண இரவு: கதை தெரிந்தவர்கள் எப்படிப் பார்க்கலாம்?

கேள்வி இதுதான்: ஆகஸ்டில் குடும்பத்தோடு இந்தோனேசியா செல்கிறீர்கள். எழுபதைக் கடந்த மாமியாரும் எட்டு வயது மகனும் உடன் வருகிறார்கள். ஜாவாவில் பிரம்பனான் கோயிலைப் பின்னணியாக வைத்துத் திறந்தவெளியில் நடக்கும் இராமாயண நாட்டியத்துக்காக யோக்யகர்த்தாவில் தங்குவது தகுமா, பாலியில் எப்படியும் கெசாக் என்ற இராமாயண ஆட்டத்தைப் பார்க்கப் போகிறோமே, அதுவே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்கலாம். உங்கள் மாமியாருக்காகவே தங்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அன்று பிற்பகலிலேயே கோயிலுக்குப் போய்விட வேண்டும். நேராக ஏழு மணிக்கு அரங்கத்தில் போய் உட்காருகிறவர்கள் பாதி நிகழ்ச்சியைத்தான் பார்க்கிறார்கள். மீதிப் பாதி கோயில் சுவரில் இருக்கிறது.

முதலில் நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது கோயில் விழா அல்ல. காலங்காலமாக வந்த சடங்கும் அல்ல. 1961இல், சுகர்னோ ஆட்சியில், சுற்றுலாத் துறையையும் கவனித்துவந்த அமைச்சர் ஜாதிகுசுமோவின் முயற்சியால் தொடங்கியது. வெளிநாட்டுப் பயணிக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, ஜாவா அரண்மனைகளில் ஆடப்பட்ட நாட்டிய நாடகத்திலிருந்து பேச்சை எடுத்துவிட்டு, ஆட்டமும் கேமலான் என்ற ஜாவா தாள வாத்தியக் குழுவின் இசையும் பாட்டும் மட்டும் வைத்தார்கள். பக்கத்து நகரமான சோலோவின் அரண்மனை மரபில் வந்த குசுமோகெசோவோ என்ற ஆசிரியர் ஆட்டத்தை வடிவமைத்தார். பயணிகளுக்காகச் செய்தது என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக ஆடி ஆடி அது தனக்கென்று ஒரு மரபாகவே ஆகிவிட்டது. ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஜாவா முஸ்லிம்கள். இராமனாக ஆடுபவரும் சீதையாக ஆடுபவரும் மாலைத் தொழுகையை முடித்துவிட்டு ஒப்பனைக்கு உட்காருவதில் அங்கே யாரும் வியப்படைவதில்லை. இராமாயணம் அவர்களுக்குத் தங்கள் ஊர்க் கதை, அவ்வளவுதான்.

பழைய ஜாவானிய மொழியில் இராமாயணக் காவியம் எழுதப்பட்டது ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டில். பிரம்பனான் கோயில் எழுந்ததும் அதே நூற்றாண்டில்தான்; 856ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இந்தச் சிவாலயத்தைப் பேசுவதாக அறிஞர்கள் கொள்கிறார்கள். கம்பன் பாடுவதற்கு முன்பே அங்கே கல்லில் இராமன் நின்றுவிட்டான் என்பதை உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்; பயணத்துக்கு உடனே சம்மதிப்பார்.

இனி எச்சரிக்கை. மெதுவாக இருக்கும். நம் மேடை நாட்டிய நாடகத்தின் வேகத்தையோ தொலைக்காட்சித் தொடரின் பரபரப்பையோ எதிர்பார்த்தால் முதல் அரை மணியிலேயே கொட்டாவி வரும். ஜாவா ஆட்டத்தில் பாத்திரத்தின் தகுதி வேகத்தில் தெரியும். இராமன் ஏறக்குறைய நீரில் நடப்பதுபோல் நகர்வான்; பார்வை தாழ்ந்திருக்கும்; கை தோளுக்கு மேல் எழாது. இராவணன் கால்களை அகல வைத்து, தோளை விரித்து, மேடையையே அளந்துகொண்டு வருவான். முகபாவம் என்று நாம் பழகியிருப்பது அங்கே அநேகமாகக் கிடையாது. கண்ணை உருட்டுவதும் புருவத்தை நெரிப்பதும் இல்லாமல் சோகத்தை எப்படிக் காட்டுவது என்றால், இடுப்பில் கட்டிய நீளத் துணியின் நுனியைப் பாருங்கள். சம்பூர் என்பார்கள் அதை. சிறைப்பட்ட சீதை அதை இரண்டு விரல்களால் எடுத்து, ஒரு கணம் நிறுத்தி, மெல்ல உதறி விடுவாள். கோங் ஒலியும் அந்தத் துணி கீழே இறங்குவதும் சரியாக ஒரே நொடியில் முடியும். அந்த ஒன்றைக் கவனிக்கப் பழகிவிட்டால் மெதுவாக இருக்கிறது என்ற குறை மறைந்துவிடும். பரதநாட்டியம் கற்ற பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் மகனுக்குப் பொன்மானும் அனுமனும் போதும். பொன்மானாக வருபவர் துள்ளித் துள்ளி, நின்று, தலையைச் சாய்த்து, மறுபடி துள்ளும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் எல்லாம் முன்னால் சாய்வதைப் பார்க்கலாம். அனுமன் வெள்ளை உடையில் வருவான். சொறிவான், குட்டிக்கரணம் போடுவான். இலங்கை எரியும் காட்சியில் மேடையில் வைக்கோல் குடிசைகளை உண்மையாகவே கொளுத்துவார்கள். திறந்தவெளி அரங்கின் பெரும் ஈர்ப்பு அதுதான். முன்வரிசையில் முகத்தில் வெப்பம் படும். பையன் அதற்கு முன் தூங்கிவிடாமல் பிற்பகலில் சற்றுப் படுக்க வைத்துக் கூட்டிப் போங்கள்.

பேச்சில்லாத நிகழ்ச்சியில் நமக்குப் பெரிய வசதி, கதை தெரியும் என்பது. மற்ற நாட்டுப் பயணிகள் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்வதற்குள் ஜடாயு விழுந்திருப்பான். ஆனால் கதை தெரியும் என்ற இதே வசதிதான் நம்மை ஏமாற்றவும் செய்யும். நாம் கம்பனையும் கதாகாலட்சேபத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு, இது இல்லையே, அது வரவில்லையே என்று தேட ஆரம்பித்துவிடுவோம். அங்கே வேறு என்ன இருக்கிறது என்று தேடினால்தான் சுவை.

பெயர்களிலிருந்தே தொடங்கலாம். சீதை சிந்தா, இலக்குவன் லெஸ்மனா, இராவணன் ரஹ்வனா, வாலி சுபாலி, அனுமன் அனோமன், இலங்கை அலெங்கா. பொன்மானைத் துரத்திப் போன இராமனைத் தேடிப் போகும் முன் லெஸ்மனா சீதையைச் சுற்றி மந்திர வட்டம் வரைவான். கம்பனில் அந்தக் கோடு இல்லை. கிழவன் வேடத்தில் வரும் ரஹ்வனா வட்டத்துக்குள் நுழைய முடியாமல் தவித்து, சீதை கையை நீட்டியதும் வெளியே இழுத்துவிடுவான். கம்பனின் இராவணன் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் சற்று அதிர்ச்சியாகவே இருக்கும். உங்கள் மாமியார் கட்டாயம் ஏதாவது சொல்வார்.

எதிர்பாராத ஒற்றுமையும் உண்டு. அசோகவனத்தில் சீதைக்குத் துணையாக இருக்கும் திரிசடை ஜாவாவில் விபீஷணனின் மகள். வால்மீகியில் அவள் ஒரு முதிய அரக்கி. கம்பனிலோ ஜாவாவில் போலவே விபீஷணன் மகள்.

கும்பகர்ணன் வரும்போது மட்டும் தயவுசெய்து கைப்பேசியைக் கீழே வையுங்கள். ஜாவாவில் அவனுக்குத் தனி மரியாதை. 19ஆம் நூற்றாண்டில் சோலோவில் மங்குநெகாரன் என்ற சிற்றரசை ஆண்ட நான்காம் மங்குநெகாரா, போர்வீரர்களுக்கு முன்மாதிரியாக மூன்று பேரைச் சொன்னார்; அதில் ஒருவன் கும்பகர்ணன், இன்னொருவன் கர்ணன். செஞ்சோற்றுக் கடன் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் அதே இருவர். ஆனால் ஒரு வேறுபாடு: ஜாவாவின் கும்பகர்ணன் அண்ணன் செய்தது தவறு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அண்ணனுக்காக அல்ல, பிறந்த மண்ணுக்காகப் போருக்குப் போகிறான். அவன் வீழும் காட்சியை அரக்கன் சாகும் காட்சியாக அங்கே ஆடுவதில்லை. பாட்டின் தொனியே மாறிவிடும். இறுதியில் இராமனின் அம்பு பட்டு விழும் ரஹ்வனாவின் மேல் அனோமன் ஒரு மலையைக் கொண்டுவந்து போட்டு அமுக்குவதாகக் கதை. பிறகு சிந்தாவின் தீக்குளிப்பு, அத்தோடு முடிவு. பட்டாபிஷேகம் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

முழுக் கதையையும் ஒரே இரவில் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஆடுவது இப்போது வழக்கம். தொடக்கத்தில் கதையைப் பல இரவுகளாகப் பிரித்து, முழுநிலவை ஒட்டி ஆடினார்கள். இன்றும் சில தேதிகளில் ஒரு பகுதியை மட்டும் ஆடுவதுண்டு. டிக்கெட் வாங்குமுன் அன்று முழுக் கதையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு முழுக் கதைதான் சரி.

இப்போது பிற்பகல். கோயிலுக்கு மூன்று மணி அளவில் போய்ச் சேர்ந்தால் வெயில் சாயத் தொடங்கியிருக்கும். நடுவில் சிவன் கோயில், 47 மீட்டர் உயரம். இருபுறமும் பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும். சிவன் கோயிலின் கிழக்குப் படியில் ஏறி, வழக்கம்போல வலம் வாருங்கள். சுற்றுப் பாதையின் கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில், அதாவது உங்கள் இடக்கைப் பக்கம், இராமாயணம் ஓடுகிறது. முதல் பலகையில் பாம்பணையில் திருமால், எதிரே கருடன், வேண்டி நிற்கும் தேவர்கள். ஜடாயு இருக்கும் இடத்தில் நில்லுங்கள்: சீதை தன் மோதிரத்தை அவனிடம் கொடுக்கிறாள், உயிர் போகும் முன் அவன் அதை இராமனிடம் சேர்க்கிறான். வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. வலம் முடியும் இடத்தில் சேது கட்டும் காட்சி. குரங்குகள் கல்லைக் கடலில் போட, மீன்கள் அவற்றை வாயில் கவ்விக்கொள்கின்றன. பாலம் ஏன் எழும்பவில்லை என்பதற்கு அந்தச் சிற்பி கண்ட காரணம் அது. சிறுவர்களுக்கு இந்த ஒரு பலகை போதும், கோயிலே பிடித்துவிடும். குரங்குப் படை கடலைக் கடந்ததும் சிவன் கோயில் சுவர் முடிகிறது. போர் பக்கத்தில் பிரம்மா கோயிலில் தொடர்கிறது.

சிவன் கோயிலின் நான்கு பக்கமும் கருவறைகள். கிழக்கே சிவன், வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார். தெற்கே யார் தெரியுமா? அகத்தியர். தாடியும் தொந்தியும் கையில் நீர்க்குடமுமாக நிற்கிறார். ஊர்க்காரர்கள் பட்டார குரு என்பார்கள். தென்திசைக்கு அகத்தியர் என்பது கடல் தாண்டியும் மாறவில்லை. பொதிகைமலைக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடும் முனிவர் ஜாவாவில் எத்தனையோ இடங்களில் சிலையாக நிற்கிறார். வடக்கே இருக்கும் துர்க்கையை அவர்கள் ரோரோ ஜொங்ராங் என்ற இளவரசியாகச் சொல்வார்கள். ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டினால் மணக்கிறேன் என்று சொல்லி, 999 முடிந்ததும் பொய்யாக விடியலை வரவழைத்து ஏமாற்றியதால் கல்லாகச் சபிக்கப்பட்டவள். வழிகாட்டி வைத்தால் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வார்.

மாமியார் விஷயத்தில் ஒன்று: படிகள் செங்குத்தானவை, ஒவ்வொன்றும் உயரம். முழங்கால் வலி இருந்தால் ஏற வைக்க வேண்டாம். கீழே மரநிழலில் உட்கார வைத்து, நீங்கள் மேலே போய்ச் சில பலகைகளைப் படமெடுத்து வந்து காட்டுங்கள். இரவில் மேடையில் பார்க்கும்போது அவரே அடையாளம் சொல்வார்.

கோயிலைச் சாயங்காலம் மூடிவிடுவார்கள். அரங்கம் கோயிலுக்கு மேற்கே, ஓப்பாக் என்ற சிற்றாற்றின் அந்தப் பக்கம். இரண்டுக்கும் நுழைவாயில் வேறு என்பதால் வெளியே வந்து சுற்றிப் போக வேண்டியிருக்கும். முதியவரோடு நடக்காமல் வண்டியில் போய்விடுங்கள். நிகழ்ச்சி ஏழரை மணிக்குத் தொடங்கும். இடையில் அரங்க வளாகத்திலேயே சாப்பிடலாம்.

சைவம் என்றால் இதைக் கவனியுங்கள். அங்கே இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலே சைவம் என்று எடுத்துக்கொள்வார்கள். காரச் சம்பலில் இறால் விழுது இருக்கும். தெராசி என்று பெயர். "தன்பா தெராசி" என்று சொல்லிக் கேளுங்கள். தெராசி இல்லாமல் என்று பொருள். கடோ-கடோ என்ற காய்கறிக் கலவை, வறுத்த தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி), சோறு என்று சாப்பிட்டுவிடலாம். கடோ-கடோவின் கடலைச் சாந்திலும் தெராசி சேர்ப்பதுண்டு. யோக்யகர்த்தாவின் பெயர் பெற்ற குடெக், பலாக்காயைத் தேங்காய்ப்பாலிலும் வெல்லத்திலும் நாள் முழுதும் வேகவைத்தது. நன்றாக இருக்கும், ஆனால் முட்டையும் கோழியும் சேர்த்தே தட்டில் வரும், சொல்லி எடுக்கச் சொல்ல வேண்டும். இனிப்பு நம் நாக்குக்குக் கொஞ்சம் தூக்கல்.

இருக்கை. விலை கூடக் கூட மேடைக்கு அருகில் போவீர்கள். ஆனால் அருகில் இருப்பதே நல்லது என்று இங்கே சொல்ல முடியாது. மேடை அகலமானது. போர்க்காட்சியில் குரங்குப் படை ஒரு பக்கமும் அரக்கர் படை ஒரு பக்கமுமாக விரியும்போது, சற்று உயரத்தில் இருப்பவருக்குத்தான் அந்த அணிவகுப்பு புலப்படும். பின்னால் விளக்கொளியில் நிற்கும் மூன்று கோபுரங்களும் மேடையோடு சேர்ந்து ஒரே சட்டகத்தில் கிடைப்பதும் அங்கிருந்துதான். ஆகவே மேடைக்கு நேரெதிரே நடுப்பகுதி. அதில் முதல் வரிசைகளை விட்டுவிட்டுச் சற்று மேலே. பக்கவாட்டு இருக்கைகள் மலிவு, ஆனால் கோயில் உங்கள் பார்வையிலிருந்து விலகிவிடும். மாமியாருக்குப் படியேறுவது சிரமம் என்றால் மட்டும் கீழ் வரிசை. கல்படி இருக்கை என்றால் மடித்து வைக்க ஒரு சால்வை கொண்டுபோங்கள். ஆகஸ்டு இரவில் அங்கே குளிர்காற்று வீசும். போர்த்திக்கொள்ளவும் அது உதவும். கொசுவுக்கு ஏதாவது பூசிக்கொண்டு போங்கள்.

மே முதல் அக்டோபர் வரை மட்டுமே திறந்தவெளி. மற்ற மாதங்களில் பக்கத்திலுள்ள மூடிய அரங்கில் நடக்கும்; அங்கே கோயில் தெரியாது, குடிசை எரியாது. ஆகஸ்டு வறண்ட காலம் என்பதால் மழைக் கவலை உங்களுக்கு அநேகமாக இல்லை. வாரத்தில் எல்லா நாளும் நடக்காது. அட்டவணையைப் பார்த்து, அதில் நிலவையும் ஒத்துப் பாருங்கள். எல்லோரும் பௌர்ணமியன்றே டிக்கெட் தேடுவார்கள். அன்று நிகழ்ச்சி தொடங்கும்போதே நிலவு வானில் நன்றாக ஏறியிருக்கும். பார்வையாளர்கள் கிழக்கு நோக்கி உட்காருவதால், பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்துப் போனால், நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தை ஒட்டி கோயில் பக்கத்துக் கீழ்வானில் நிலவு எழும். கூட்டமும் குறைவு. தேதி பொருந்தினால் அந்த இரவுதான் என் தேர்வு.

கெசாக் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஊலுவத்துவில் கடற்பாறையின் மேல் சூரியன் மறையும் நேரத்தில், வாத்தியமே இல்லாமல் ஆண்கள் கூட்டமாக வட்டமிட்டு உட்கார்ந்து "சக் சக்" என்று குரலாலேயே தாளம் எழுப்புவது. அதுவும் இராமாயணம்தான், அதுவும் பழங்காலச் சடங்கிலிருந்து எடுத்து 1930களில் உருவானதுதான்; வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன் ஓவியருக்கு அதில் பங்குண்டு. ஒரு மணி நேரம், சத்தம், தீ, வேடிக்கை. குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். அங்கேயுள்ள உண்மைக் குரங்குகள் மூக்குக்கண்ணாடியைப் பறிக்கும், மாமியாரை எச்சரித்துவிடுங்கள். இரண்டையும் பார்க்கலாம், ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்ததாகாது. எந்த ஒன்றை என்று கட்டாயப்படுத்தினால் பிரம்பனான் என்பேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆடியவர்களோடு மேடையேறிப் படமெடுத்துக்கொள்ள விடுவார்கள். பையன் அனுமனோடு நிற்க அடம்பிடிப்பான், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆனால் அதற்குள் வாசலில் வண்டிகள் பறந்துவிடும் என்பதால் திரும்பும் ஏற்பாட்டை முன்பே செய்திருக்க வேண்டும். கோயில் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 17 கி.மீ. போகும்போது ரயிலே போதும். யோக்யகர்த்தா–சோலோ மின்ரயில் பிரம்பனான் நிலையத்தில் நிற்கும், அங்கிருந்து சிறு வண்டி. இரவு ஒன்பதரைக்கு மேல் அதே வழியில் முதியவரோடும் தூங்கி வழியும் குழந்தையோடும் திரும்ப நினைக்காதீர்கள். கைப்பேசிச் செயலியில் வண்டி கிடைக்கும், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது காத்திருக்க வேண்டிவரும். பிற்பகலிலிருந்து இரவு வரை ஓட்டுநரோடு ஒரு காரை அமர்த்துவது நால்வருக்கு அதிகச் செலவில்லை. அதைவிட எளிது, அந்த ஓர் இரவு மட்டும் பிரம்பனான் பக்கத்திலேயே அறை எடுப்பது. புதிய விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே நாற்பது கி.மீ.க்கும் மேல், அதாவது கோயிலுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. ஆகவே மறுநாள் அதிகாலை விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் நிகழ்ச்சித் தேதியை உறுதிசெய்து டிக்கெட் வாங்குங்கள், பிறகு அறை, கடைசியாகப் பாலிக்கு விமானம்.